கால் மில்லிமீட்டரின் கணக்கு

ஐபோன் 12 மினியையும் ஐபோன் 13 மினியையும் மேசையில் கவிழ்த்து அருகருகே வைத்தால், எது பழையது, எது புதியது என்று கேமராவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பழையதில் இரண்டு லென்சுகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். புதியதில் அவை எதிரெதிர் மூலைகளுக்கு நகர்ந்து சாய்வாக இருக்கும். நீளம் இரண்டுக்கும் 131.5 மி.மீ., அகலம் 64.2 மி.மீ. தடிமன் மட்டும் 7.4 மி.மீட்டரிலிருந்து 7.65 ஆகியிருக்கிறது; எடை ஆறேழு கிராம் கூடியிருக்கிறது. முன்னது 2020 நவம்பர் 13 அன்றும், பின்னது 2021 செப்டம்பர் 24 அன்றும் கடைக்கு வந்தன. இந்தியாவில் இரண்டின் தொடக்க விலையும் 69,900 ரூபாய். அந்த விலைக்குப் பழையதில் 64 ஜிபி சேமிப்பிடம் கிடைத்தது, புதியதில் 128 ஜிபி.

பெரிதாக ஒன்றும் மாறவில்லையே என்பதுதான் அப்போது பரவலாக இருந்த பேச்சு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு போனை அதன் முந்தைய மாடலோடு ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஜோடி கிடைப்பது அரிது. பெரிய போன்களில் ஒவ்வோர் ஆண்டும் உடம்பு கொஞ்சம் வளரும், திரை கொஞ்சம் வளரும், பேட்டரியும் வளரும். எந்த முன்னேற்றம் அறிவால் வந்தது, எது வெறும் இடத்தால் வந்தது என்று பிரித்தறிவது கடினம். இங்கே நீளமும் அகலமும் திரையும் அப்படியே நிற்கின்றன. மாறியதை அளந்துவிடலாம். அளந்து பார்த்தால், சிறிய போன் செய்வது ஏன் இத்தனை கடினம் என்பதும் விளங்கிவிடும்.

முதலில் 'சிறியது' என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். இரண்டு மினிகளின் திரையும் 5.4 அங்குலம். 2011-இல் சாம்சங் கேலக்ஸி நோட் வந்தபோது அதன் திரை 5.3 அங்குலம், இவ்வளவு பெரிய போனை எப்படிக் காதில் வைப்பது என்று உலகமே வியந்தது. அப்படியானால் நோட்டைவிட மினி பெரிய போனா? இல்லை. அங்குலக் கணக்கு திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இழுத்த கோட்டை மட்டுமே அளக்கிறது. நோட்டின் திரை 16:10 விகிதத்தில் அகன்றது; மினியின் திரை 19.5:9 விகிதத்தில் நெடியது. பரப்பளவு போட்டுப் பார்த்தால் நோட்டின் திரை சுமார் 81 சதுர செ.மீ., மினியின் திரை சுமார் 72. கையில் பிடிப்பதற்கு இதைவிட முக்கியமானது உடலின் அகலம். நோட்டின் அகலம் 83 மி.மீ.; மினியின் அகலம் 64.2. கட்டைவிரல் திரையின் மறுகரையைத் தொடுமா தொடாதா என்பதை அகலமே தீர்மானிக்கிறது. ஓடும் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பயணச்சீட்டுக்குப் பணம் அனுப்புகிறவருக்கு 7 மி.மீ. என்பது பெரிய வித்தியாசம். ஐபோன் 12-க்கும் 12 மினிக்கும் உள்ள அகல வேறுபாடு ஏறக்குறைய அவ்வளவுதான். போன் வாங்கும்போது அங்குலத்தைக் கேட்காமல் அகலத்தைக் கேளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு.

இனிச் சிக்கலுக்கு வருவோம். ஐபோன் 12-இன் பேட்டரி 2815 மில்லிஆம்பியர் மணி. 12 மினியின் பேட்டரி 2227. அதாவது 21 சதவீதம் குறைவு. உடலின் மொத்தக் கன அளவைப் பார்த்தால் பெரியது சுமார் 77.6 கன செ.மீ., சிறியது சுமார் 62.5. இங்கும் இருபது சதவீதம் அளவுக்குத்தான் குறைவு. திரையின் பரப்பும் ஏறத்தாழ அதே இருபது சதவீதம் குறைகிறது. எல்லாம் ஒரே விகிதத்தில் குறைந்தால் பேட்டரி நிற்கும் நேரமும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்?

இருக்காது. ஏனென்றால் செலவு முழுவதும் குறைவதில்லை. இரண்டு போன்களிலும் இருப்பது அதே ஏ14 சிப், அதே 5ஜி மோடம், அதே கேமரா. செல்போன் கோபுரத்தை எட்டுவதற்குச் சிறிய போனும் பெரிய போன் அளவுக்கே சமிக்ஞையை வலுவாக அனுப்பியாக வேண்டும். சம்பளம் இருபது சதவீதம் குறைந்த வீட்டில் காய்கறிச் செலவைக் குறைத்துவிடலாம். வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் அப்படியே நிற்கும். மினியின் நிலைமை அதுதான். திரைச் செலவு குறையும், மற்றது குறையாது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரிய போனின் செலவில் பாதி திரைக்கும் பாதி மற்றவற்றுக்கும் போவதாக வைத்துக்கொள்வோம். திரை 20 சதவீதம் சிறுத்தால் மொத்தச் செலவு 10 சதவீதம்தான் குறையும். ஆனால் பேட்டரி 21 சதவீதம் குறைந்துவிட்டது. 79-ஐ 90-ஆல் வகுத்தால், பெரிய போன் நிற்கும் நேரத்தில் சுமார் 88 சதவீதம் வரை சிறியது நிற்கும் என்று விடை வருகிறது. போனில் சேமித்த வீடியோவைத் தொடர்ந்து பார்த்தால் ஐபோன் 12-இல் 17 மணி நேரம் வரை, 12 மினியில் 15 மணி நேரம் வரை என்றுதான் ஆப்பிள் அறிவித்தது. 15-ஐ 17-ஆல் வகுத்தாலும் 88 சதவீதம். நான் பாதிப் பாதி என்று எடுத்துக்கொண்டது விளக்கத்துக்காகத்தான். இருந்தாலும் கணக்கு போகும் திசை சரியானது என்பதற்கு இது போதும்.

திரையின் பங்கு குறையக் குறைய மினியின் நிலைமை மோசமாகும். மேப்பைப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றும்போதும், சிக்னல் சரியாகக் கிடைக்காத இடத்தில் நீண்ட நேரம் பேசும்போதும் பெரும்பகுதி மின்சாரம் மோடத்துக்கும் சிப்புக்கும் போகிறது. திரையின் பங்கு கால்வாசி ஆனால், மேலே போட்ட அதே கணக்கில் 88 என்பது 83 ஆகிவிடும். வீட்டில் வைஃபையில் வைத்துப் பார்த்தவர்கள் பரவாயில்லை என்றதற்கும், வெளியில் அலைகிறவர்கள் சாயங்காலத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடுகிறது என்று குறைப்பட்டதற்கும் காரணம் இதுதான். இரு தரப்பும் சொன்னது உண்மை.

13 மினியைச் செய்தவர்கள் முன் இருந்த வினா இதுதான்: கையில் அடங்கும் அளவைக் கெடுக்காமல் இந்தக் குறையைத் தீர்ப்பது எப்படி?

கால் மில்லிமீட்டர் தடிமன் கூடியதால் கிடைத்த இடத்தை முதலில் பார்ப்போம். 131.5 × 64.2 × 0.25 என்று பெருக்கினால் சுமார் 2.1 கன செ.மீ. வருகிறது. மொத்தக் கன அளவில் இது 3.4 சதவீதம். பேட்டரியோ 2227-லிருந்து சுமார் 2400 மில்லிஆம்பியர் மணி ஆனது. எட்டு சதவீதம் அளவுக்கு உயர்வு. இடம் மூன்றரை சதவீதம், பேட்டரி எட்டு சதவீதம். எப்படி?

ஒரு காரணம் பேட்டரியின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. லித்தியம் அயனி பேட்டரியைச் சுற்றி ஓர் உறை உண்டு. ஓரங்களை ஒட்டி மூடியிருப்பார்கள். பேட்டரி மெல்லியதாக இருந்தாலும் தடித்ததாக இருந்தாலும் அந்த உறையின் தடிமன் கிட்டத்தட்ட ஒன்றே. ஆகவே தடிமனைக் கூட்டினால், கூடுகிற இடம் ஏறத்தாழ முழுவதும் மின்சாரத்தைத் தேக்கும் அடுக்குகளுக்கே போகிறது. பேட்டரியின் தடிமன் போனின் தடிமனைவிடக் குறைவு என்பதால், அதே கால் மில்லிமீட்டர் பேட்டரியைப் பொறுத்தவரை பெரிய சதவீதம். இன்னொரு காரணம் உள் அடுக்கு மாறியது. 13 வரிசையில் முகமறியும் கருவியின் பாகங்களை நெருக்கி, காதொலிப்பானைத் திரையின் மேல் விளிம்புக்குத் தள்ளியிருந்தார்கள். திரைக்கு மேலுள்ள கருப்புப் பட்டையின் அகலம் 20 சதவீதம் குறைந்ததுதான் விளம்பரத்தில் வந்தது. பார்ப்பவருக்கு அது அழகு சம்பந்தப்பட்டது. உள்ளே ஒவ்வொரு கன மில்லிமீட்டருக்கும் சண்டை நடக்கும் போனில் அது வேறு விஷயம்.

இன்னும் சுவையானது அடுத்த கணக்கு. பேட்டரி கூடியது எட்டு சதவீதம். சேமித்த வீடியோவைப் பார்க்கும் நேரம் 15 மணியிலிருந்து 17 மணிக்கு உயர்ந்ததாக ஆப்பிள் சொல்கிறது. இது 13 சதவீதம். இணையத்திலிருந்து வந்துகொண்டே இருக்கும் வீடியோவைப் பார்க்கும் நேரம் 10 மணியிலிருந்து 13 மணிக்கு. இது 30 சதவீதம்! இவை தயாரிப்பாளர் ஆய்வகத்தில் எடுத்த அளவுகள். நம் வீட்டில் அதே எண் வராது. ஆனால் ஒரே தயாரிப்பாளர் ஒரே மாதிரியான சோதனையில் எடுத்த இரண்டு எண்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதில் தவறில்லை. எட்டு, பதின்மூன்று, முப்பது என்ற இந்த வரிசை ஒன்றைக் காட்டுகிறது: போனுக்குள் எத்தனை பாகங்கள் விழித்திருக்கின்றனவோ, அத்தனைக்குப் புதிய மாடலின் சிக்கனம் கூடுகிறது. சேமித்த வீடியோவுக்கு, அதைப் பிரித்துக் காட்டவென்றே அமைந்த சிறு சுற்று ஒன்று போதும். இணையத்திலிருந்து படம் வரும்போது ரேடியோ, செயலி, நினைவகம் எல்லாம் அடிக்கடி எழுந்து வேலை செய்ய வேண்டும். வாடகை என்று மேலே சொன்னேனே, அந்தச் செலவில்தான் கை வைத்திருக்கிறார்கள்.

அதில் பெரும்பங்கு 13 மினியில் உள்ள ஏ15 சிப்புக்கு உரியது. ஏ14-இல் 1180 கோடி டிரான்சிஸ்டர்கள் இருந்தன, ஏ15-இல் 1500 கோடி. இரண்டையும் தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனம் 5 நானோமீட்டர் முறையில்தான் செய்தது. கூடுதலாக வந்த முந்நூறு கோடிச் சொச்சத்தில் கணிசமான பகுதி கேச் நினைவகத்துக்குப் போனது. செயலி வேலை செய்யத் தரவு வேண்டும். தரவு இருக்கும் முதன்மை நினைவகம் வேறொரு சில்லு. அங்கே போய் எடுத்துவர நேரமும் ஆகும், மின்சாரமும் ஆகும். அடிக்கடி தேவைப்படுவதைச் சிப்புக்குள்ளேயே ஒரு மூலையில் வைத்துக்கொண்டால் அந்தப் போக்குவரத்து மிச்சம். ஏ14-இல் எல்லாப் பகுதிகளும் பொதுவாகப் பயன்படுத்தும் கேச் 16 மெகாபைட் என்றும், ஏ15-இல் அது 32 மெகாபைட் என்றும் ஆனந்த்டெக் இதழ் 2021-இல் அளந்து சொன்னது. சரியாக இரு மடங்கு. வேகமான உட்கருக்களுக்கு என்று தனியாக உள்ள கேச்சும் 8-லிருந்து 12 மெகாபைட் ஆனது.

இதன் மதிப்பை உணர ஓர் ஒப்பீடு உதவும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் ஹோரோவிட்ஸ் 2014-இல் ஒரு கணக்கை வெளியிட்டார். 45 நானோமீட்டர் சிப்புகளை வைத்துப் போட்ட கணக்கு அது. சிப்புக்குள் இருக்கும் சிறு கேச்சிலிருந்து ஒரு தரவை எடுப்பதைவிட வெளியே உள்ள நினைவகத்திலிருந்து எடுக்க நூறு மடங்குக்கும் மேல் ஆற்றல் பிடிக்கிறது. கூட்டல், பெருக்கல் போன்ற கணக்குகளுக்கு ஆகும் செலவு அதற்கு முன் தூசு. கணினியில் மின்சாரம் பெரும்பாலும் சிந்திப்பதில் செலவாவதில்லை, தகவலைச் சுமந்து செல்வதில்தான் செலவாகிறது. இப்போதைய சிப்புகளில் எண்கள் மாறியிருக்கும். தூரம் கூடினால் செலவு கூடும் என்ற விதி மாறவில்லை. ஆகவே கேச்சை இரட்டிப்பாக்குவது வேகத்துக்காக மட்டும் செய்யும் காரியமன்று; மினி போன்ற போனுக்கு அது பேட்டரியைப் பெரிதாக்குவதற்குச் சமம், அதுவும் இடமே எடுக்காமல்.

மோடமும் மாறியது. 12 வரிசையில் குவால்காமின் எக்ஸ்55. 7 நானோமீட்டர் முறையில் செய்தது. 13 வரிசையில் எக்ஸ்60, 5 நானோமீட்டர். இந்தியாவில் 5ஜி சேவை தொடங்கியதே 2022 அக்டோபர் 1-ஆம் தேதிதான். ஐபோன்களில் அது வேலை செய்தது டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 16.2-க்குப் பிறகு. 5ஜி என்று நம்பி 12 மினி வாங்கியவர்கள் இரண்டு ஆண்டு காத்திருந்தார்கள். அது வந்தபோது அவர்களுடைய பேட்டரிக்கு வயதாகியிருந்தது. சிக்னல் குறையும்போது போன் தன் அலைபரப்பும் ஆற்றலைக் கூட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். 5ஜி ஒரு கட்டம் மட்டும் தெரிகிற இடத்தில் அதை அணைத்துவிட்டு 4ஜிக்குப் போவது, மினி வைத்திருப்பவருக்கு நல்ல வழக்கம்.

இவ்வளவு சிக்கனம் பார்த்தும், கேமராவுக்காகப் பெரிய இடத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

இரண்டு போன்களின் முதன்மைக் கேமராவும் 12 மெகாபிக்சல்தான். எஃப் எண் இரண்டிலும் 1.6. விளம்பரப் பலகையில் இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பதால் மாற்றமில்லை என்று தோன்றிவிடும். வேறுபாடு பிக்சலின் அளவில் இருக்கிறது. 12 மினியில் ஒரு பிக்சலின் பக்கம் 1.4 மைக்ரான், 13 மினியில் 1.7 மைக்ரான். பக்கத்தைப் பக்கத்தால் பெருக்கினால் பரப்பு 1.96-லிருந்து 2.89 சதுர மைக்ரான் ஆகிறது. 47 சதவீதம் கூடுதல். மழை பெய்யும்போது அகலமான அண்டாவில் அதிகத் தண்ணீர் சேர்வது போலத்தான் என்று சிலர் விளக்குவார்கள். அது பாதி விளக்கம்தான். கூடுதல் ஒளி எங்கிருந்து வந்தது? லென்ஸ் வழியாக வந்திருக்க வேண்டும். சென்சார் பெரிதானால், அதே காட்சியை அதன்மேல் விரித்துப் போட லென்ஸின் குவியத் தூரமும் கூட வேண்டும். 12 மினியில் எடுத்த படத்தின் விவரத்தைத் திறந்து பாருங்கள். குவியத் தூரம் 4.2 மி.மீ. என்றிருக்கும். 13 மினியின் படத்தில் 5.1 மி.மீ. இரண்டையும் 1.6-ஆல் வகுத்தால் ஒளி நுழையும் துளையின் விட்டம் கிடைக்கும்: பழையதில் சுமார் 2.6 மி.மீ., புதியதில் சுமார் 3.2. துளையின் பரப்பிலும் அதே 47 சதவீத உயர்வு வருவதைக் காணலாம். எஃப் எண் மாறாததால் யாரும் கவனிக்காமல் விட்ட மாற்றம் இது.

ஒளி கூடினால் படம் ஏன் நன்றாகிறது? வெளிச்சம் சீரான ஓட்டமாக வருவதில்லை. ஃபோட்டான்கள் தனித்தனியாக, தாறுமாறாக வந்து விழுகின்றன. ஒரு பிக்சலில் சராசரியாக 100 ஃபோட்டான் விழும் இருட்டில், உண்மையில் விழும் எண்ணிக்கை அதன் வர்க்கமூலமான 10 அளவுக்கு மேலும் கீழும் ஆடும். பத்து சதவீத ஆட்டம். கல்யாண மண்டபத்தின் மங்கிய மூலையில் எடுத்த படத்தில் முகத்தின் மேல் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தெரிவது இதனால்தான். 147 ஃபோட்டான் விழுந்தால் ஆட்டம் சுமார் 12, எட்டு சதவீதம்தான். புள்ளிகள் குறைகின்றன. 47 சதவீத ஒளி, தெளிவில் 21 சதவீத முன்னேற்றமாகச் சுருங்கிவிடுகிறது என்பதையும் இதே கணக்கு சொல்கிறது. இயற்கை வைத்திருக்கும் வரம்பு இது. எந்த மென்பொருளும் வராத ஒளியை வரவழைக்காது, ஊகித்து நிரப்பத்தான் முடியும்.

கை நடுக்கத்தைச் சமாளிக்கும் முறையும் மாறியது. 12 மினியில் லென்ஸ் அசைந்து நடுக்கத்தை ஈடுகட்டும். 13 மினியில் சென்சாரே அசையும். ஓராண்டுக்கு முன் ஐபோன் 12 புரோ மேக்ஸில் மட்டும் வந்த ஏற்பாடு இது. 12 வரிசையின் மிகப் பெரிய போனுக்கு மட்டும் என்று இருந்தது, அடுத்த ஆண்டே வரிசையின் மிகச் சிறிய போனுக்குள் புகுந்துவிட்டது. லென்ஸ் தொகுதி பெரிதாகிக் கனம் கூடும்போது அதை நொடிக்குப் பல ஆயிரம் தடவை அசைப்பதைவிட லேசான சென்சாரை அசைப்பது எளிது. நடுக்கம் கட்டுப்பட்டால் ஷட்டரை இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைக்கலாம், இன்னும் கொஞ்சம் ஃபோட்டான் சேரும்.

இந்தக் கேமராத் தொகுதி பெரிது. பழைய நேர்க்கோட்டு அமைப்பில் அடங்காமல்தான் லென்சுகள் சாய்வாக நகர்ந்தன. நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தும் 12 மினியின் உறை 13 மினிக்குச் சேராது. கேமராத் துளை இடிக்கும். பழைய உறை இருக்கிறதே என்று நினைத்து வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மற்றவற்றை விரைவாகக் கடக்கலாம். திரையின் வழக்கமான உச்ச ஒளிர்வு 625 நிட்டிலிருந்து 800 ஆனது. நம் ஊர் வெயிலில் இது உண்மையாகவே உதவும். பக்கங்களை உருட்டும்போது வழுக்கிக்கொண்டு போகும் 120 ஹெர்ட்ஸ் திரை அந்த ஆண்டு புரோ மாடல்களுக்கு மட்டுமே கிடைத்தது. மினிக்கு 60 ஹெர்ட்ஸ்தான். பின்னணியை மங்கலாக்கி வீடியோ எடுக்கும் 'சினிமாட்டிக்' வசதி புதிதாக வந்தது. சில நாள் விளையாட நன்றாக இருக்கும். நினைவகம் இரண்டிலும் 4 ஜிபி.

வெப்பத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். போனுக்குள் விசிறி கிடையாது. உள்ளே உண்டாகும் சூடு மேற்பரப்பு வழியாகத்தான் காற்றுக்குப் போக வேண்டும். ஐபோன் 12-இன் மொத்த மேற்பரப்பு சுமார் 242 சதுர செ.மீ., மினியுடையது சுமார் 198. அதே சிப், அதே சூடு, வெளியேற வாசல் சிறியது. காந்தத்தால் ஒட்டும் மேக்சேஃப் சார்ஜரில் மற்ற ஐபோன்கள் 15 வாட் வாங்கிக்கொண்டபோது இரண்டு மினிகளையும் 12 வாட்டோடு ஆப்பிள் நிறுத்தியது. நீண்ட நேரம் விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு 13 மினியும் ஏற்றதன்று. எவ்வளவு திறமையான சிப் வைத்தாலும் சிறிய உடலால் இந்த விதியிலிருந்து தப்ப முடியாது.

கடைசியாக வயது. 2023-க்கு முன் வந்த ஐபோன்களின் பேட்டரி 500 முழுச் சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு முதல் கொள்ளளவில் 80 சதவீதம் வைத்திருக்கும்படி வடிவமைத்ததாக ஆப்பிள் சொல்கிறது. சிறிய பேட்டரிக்கு அதே வேலையைச் செய்ய அதிகச் சுற்றுகள் வேண்டும். 500 என்ற எண் விரைவில் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் அடிவரை வற்றவிட்டுப் பயன்படுத்துவதால் தேய்மானமும் கூடும். 12 மினியின் பேட்டரி 80 சதவீதத்துக்கு இறங்கினால் கையில் இருப்பது ஏறத்தாழ 1780 மில்லிஆம்பியர் மணி. கூடவே உள்தடையும் ஏறியிருக்கும். கேமராவைத் திறக்கும் கணத்தில் சிப் சட்டென்று அதிக மின்னோட்டம் கேட்கும். தேய்ந்த சிறிய பேட்டரியின் மின்னழுத்தம் சரியும். 15 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் அணைந்துவிடும். அதைத் தடுக்க மென்பொருள் சிப்பின் வேகத்தைக் குறைக்கும். போன் மந்தமாகிவிட்டது என்று தூக்கிப்போடுகிறவர்களில் பலருடைய போனில் பழுதடைந்திருப்பது பேட்டரி மட்டுமே.

சிறிய போன்களுக்கு வாங்குவோர் போதவில்லை. 2022-இல் 14 மினி வரவில்லை. அந்த இடத்தில் 6.7 அங்குல 14 பிளஸ் வந்தது. 2023 செப்டம்பரில் 13 மினியின் விற்பனையையும் ஆப்பிள் நிறுத்தியது. ஆண்ட்ராய்டில் 5.9 அங்குல ஜென்ஃபோன் 10-ஐ 2023-இல் கொடுத்த ஏசூஸ், அடுத்த ஆண்டு 6.78 அங்குலத்துக்குத் தாவிவிட்டது. கை சிறியவர்களும், ஒரு கையால் மட்டுமே வேலை செய்ய முடிந்தவர்களும், சட்டைப்பையில் அடங்கும் போன் வேண்டுபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கான பொருள் சந்தையில் இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. அதுவும் 13 மினி போல, முதல் முயற்சியின் குறைகளை ஒவ்வொன்றாகத் தேடித் தீர்த்த ஒரு பொருள் வந்த பிறகு.

இப்போது இவை பழைய போன் கடைகளில்தான் கிடைக்கின்றன. இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் விலை குறைந்த 12 மினியை எடுக்கத் தோன்றும். சில ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்தாலும் 13 மினியையே எடுங்கள். வாங்குமுன் அமைப்புகளில் பேட்டரி ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள்; 80-க்கு அருகில் இருந்தால் புதிய பேட்டரி போடும் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். ஏற்கெனவே 12 மினி வைத்திருப்பவர்கள் போனை மாற்ற அவசரப்பட வேண்டாம். முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.